9 வோல்ட் அடாப்டர் மீட்டரில் 14 காட்டுகிறது, ரவுட்டருக்குப் போடலாமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இடி மின்னலோடு பெய்த மழையில் வைஃபை ரவுட்டரின் அடாப்டர் போய்விட்டது. அதன் மேல் 12 வோல்ட், 1 ஆம்பியர் என்று எழுதியிருக்கிறது. வீட்டில் தேடியதில் மூன்று கிடைத்தன: பழைய செட்டாப் பாக்ஸின் 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர், மகள் வாசிக்கும் கீபோர்டின் 9 வோல்ட் 850 மில்லிஆம்பியர் அடாப்டர், லேப்டாப்பின் 19 வோல்ட் சார்ஜர். மீட்டர் வைத்துப் பார்த்தால் முதலாவது 12.1 காட்டுகிறது, கீபோர்டினுடையது 14 காட்டுகிறது. 2 ஆம்பியரைப் போட்டால் ரவுட்டர் எரியுமா, 14 காட்டுவது 12-க்குப் பக்கம்தானே, அதைப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் கேட்டதுதான் உண்மையான கேள்வி: 9 என்று எழுதிவிட்டு 14 தருகிற அடாப்டர் கெட்டுப்போனதா, கெட்டுப்போனது என்றால் இத்தனை வருடம் கீபோர்டு எப்படிப் பிழைத்தது? இதற்குப் பதில் புரிந்துவிட்டால் மற்ற இரண்டும் தானாகத் தெளிந்துவிடும்.

அவசரத்துக்கு: செட்டாப் பாக்ஸ் அடாப்டரைப் போடலாம், பின்னின் அளவும் பிளஸ் மைனஸ் முனைகளும் பொருந்தினால். கீபோர்டு அடாப்டரை ரவுட்டருக்குப் போடாதீர்கள், ஆனால் அது நல்ல நிலையில்தான் இருக்கிறது. லேப்டாப் சார்ஜரை ரவுட்டர் பக்கமே கொண்டுபோக வேண்டாம். இனி காரணங்கள். ஐடிஐயில் ரேடியோ, டிவி மெக்கானிக் படித்துவிட்டு 27 வருடமாக ஒரு சிறிய சர்வீஸ் கடை நடத்துகிறேன். மாதத்துக்கு நான்கைந்து பேராவது இதே சந்தேகத்தோடு வருகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஆம்பியரில் ஆரம்பிப்போம், ஏனென்றால் அது எளிது. அடாப்டரின் மேல் எழுதியிருக்கும் வோல்ட் என்பது அது கொடுப்பது. ஆம்பியர் என்பது அதிகபட்சம் எவ்வளவு வரை கேட்டால் தாங்கும் என்ற அளவு. எவ்வளவு இழுப்பது என்று முடிவு செய்வது கருவிதான். உங்கள் வீட்டில் கீசருக்குப் போட்டிருக்கும் 16 ஆம்பியர் பிளக்கில் ஒரு நைட் லேம்பைச் செருகினால் அது எரிந்து போகாது, தனக்கு வேண்டிய துளி மின்சாரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். அதே கதைதான் இங்கேயும். 1 ஆம்பியர் கேட்கும் ரவுட்டருக்கு 2 ஆம்பியர் அடாப்டர் என்பது தாராளம், அவ்வளவுதான். வீட்டு ரவுட்டர்கள் பெரும்பாலும் அரை ஆம்பியர் சுற்றித்தான் இழுக்கும், எழுதியிருக்கும் 1 ஆம்பியரில் கம்பெனிக்காரர்கள் இடம் விட்டே எழுதியிருப்பார்கள். தலைகீழாகச் செய்வதுதான் தவறு: 2 ஆம்பியர் கேட்கும் கருவிக்கு 1 ஆம்பியர் அடாப்டரைப் போட்டால் அடாப்டர் சூடாகும், வோல்ட் இறங்கும், கருவி திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகும்.

இப்போது 14 வோல்ட். உங்கள் கீபோர்டு அடாப்டரைக் கையில் எடுத்துப் பாருங்கள். செட்டாப் பாக்ஸ் அடாப்டரைவிட அது கனமாக இருக்கும், பாதி திறன் கூட இல்லாதபோதும். உள்ளே இரும்புத் தகடுகளும் செப்புக் கம்பியும் கொண்ட ஒரு டிரான்ஸ்ஃபார்மர், மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் நான்கு டயோடு, அதைத் தேக்கிவைக்கும் ஒரு கண்டன்சர், அவ்வளவுதான். நம் ஊரில் இதை எலிமினேட்டர் என்போம். பேட்டரி கட்டையை ஒழிக்க வந்தது என்பதால் பேட்டரி எலிமினேட்டர். டேப் ரெக்கார்டர் காலத்தில் 3, 4.5, 6, 7.5, 9, 12 என்று திருகிவைக்கும் ஸ்விட்ச்சோடு, நுனியில் நட்சத்திரம் போல நான்கைந்து பின்கள் விரிந்த ஒயரோடு வீட்டுக்கு வீடு இருந்ததே, அதே சாதிதான்.

இந்த எலிமினேட்டரில் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ஆள் யாரும் இல்லை. வருகிற 230 வோல்ட் எந்த விகிதத்தில் குறைய வேண்டுமோ அந்த விகிதத்தில் கம்பி சுற்றியிருக்கிறார்கள். சிறிய டிரான்ஸ்ஃபார்மர்களில் மெல்லிய கம்பி, அதனால் அதன் மின்தடை அதிகம். கருவி இழுக்கும் மின்சாரத்தைத்தான் லோடு என்போம். முழு லோடில் 9 வோல்ட் ஏசி தரும் சுற்று, லோடு இல்லாமல் சும்மா இருக்கும்போது பத்தரை, பதினொன்று வரை ஏறி நிற்கும். அது ஏறி இறங்கும் ஏசி அலையின் ஆர்எம்எஸ் என்ற ஒருவகைச் சராசரிக் கணக்கு. கண்டன்சரோ அலையின் உச்சி வரை நிரம்பும், உச்சி என்பது 1.414 மடங்கு. பத்தரைக்கு 15 வருகிறது. டயோடுகளில் ஒரு வோல்ட் போனால் மிச்சம் 14. உங்கள் மீட்டர் காட்டியது இதைத்தான். மீட்டர் கிட்டத்தட்ட மின்சாரம் எதையும் இழுப்பதில்லை, ஆகவே அது பார்த்தது சும்மா உட்கார்ந்திருக்கும் எலிமினேட்டரை.

அதே அடாப்டரில் 850 மில்லிஆம்பியர் இழுத்துப் பாருங்கள். சுற்றில் வோல்ட் 9-க்கு இறங்கும், உச்சி 12.7 ஆகும், டயோடுகளில் ஒன்றரைக்கு மேல் போகும், அப்புறம் கண்டன்சர் நொடிக்கு 100 தடவை நிரம்பி நிரம்பி வடியும். 1000 மைக்ரோஃபாரட் கண்டன்சர் என்றால் ஒவ்வொரு வடிதலிலும் ஐந்தாறு வோல்ட் இறங்கி ஏறும். அந்த ஏற்ற இறக்கத்தின் சராசரி 9-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அதாவது, மேலே எழுதியிருக்கும் 9 என்பது பொய்யில்லை. 850 மில்லிஆம்பியர் இழுக்கும்போது 9 என்று அர்த்தம். இரண்டு எண்ணையும் சேர்த்துப் படிக்க வேண்டும், தனித்தனியாகப் படித்தால் ஏமாந்துவிடுவோம். இன்னொன்று, கரண்ட் லைனில் 230 இருக்க வேண்டிய இடத்தில் 250 வந்தால் உங்கள் 14 வோல்ட்டும் 15-ஐத் தாண்டும். லைன் 190-க்கு இறங்கினால் இதுவும் கூடவே இறங்கும்.

கீபோர்டு பிழைத்ததற்குக் காரணம், இந்த ஏற்ற இறக்கம் எல்லாம் வரும் என்று தெரிந்தே அதை வடிவமைத்தவர்கள் உள்ளே ஒரு ரெகுலேட்டர் வைத்திருப்பார்கள். மூன்று கால் கொண்ட 7805 போன்ற ஒரு ஐசியை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே 8 வோல்ட் வந்தாலும் 14 வந்தாலும் வெளியே 5 வோல்ட்தான் போகும். மிச்சத்தை அது வெப்பமாக்கிக் கழித்துவிடும். 11 வோல்ட் வாங்கி 5 கொடுத்து, 300 மில்லிஆம்பியர் ஓடினால், 6 வோல்ட் பெருக்கல் 0.3, கிட்டத்தட்ட 1.8 வாட் சூடாகப் போகிறது. கீபோர்டின் அடிப்பாகத்தில் ஒரு இடம் மட்டும் இளஞ்சூடாக இருந்தால் அது இந்த வேலைதான். இந்த வகை மூன்று கால் ரெகுலேட்டருக்கு வழி போட்டவர் பாப் விட்லர் என்ற அமெரிக்க ஐசி வடிவமைப்பாளர். 5 வோல்ட்டுக்கு அவர் அமைத்த எல்எம் 309-க்குப் பிறகுதான், ஜீனர் டயோடும் டிரான்சிஸ்டரும் தனித்தனியாக வைத்துச் செய்த வேலை ஒரு சின்னத் துண்டுக்குள் அடங்கியது. பழைய ரேடியோ, கீபோர்டு, கால்குலேட்டர் எதைத் திறந்தாலும் அந்தச் சிந்தனையின் வாரிசு ஒன்று கண்ணில் படும்.

ஆனால் எல்லாக் கருவிகளும் இப்படிப் பாதுகாப்போடு வருவதில்லை. இதை ஒரு நஷ்டத்தில் கற்றுக்கொண்டேன். கடை ஆரம்பித்த புதிதில் ஒரு பெரியவர் வீட்டில் ரத்த அழுத்தம் பார்க்கும் மெஷினோடு வந்தார். நான்கு பென்டார்ச் கட்டை போடும் மெஷின், அதாவது 6 வோல்ட். கட்டை வாங்கிக் கட்டுப்படியாகவில்லை, அடாப்டர் போடலாமா என்று கேட்டார். பக்கவாட்டில் துளை இருந்தது. என்னிடம் இருந்த எலிமினேட்டரை 6-க்குத் திருகி, பின் பொருந்துகிறதா என்று பார்த்து, "போட்டுக்கங்கய்யா" என்று கொடுத்துவிட்டேன். மறுநாள் மெஷின் உயிரில்லாமல் திரும்பி வந்தது. அந்த மெஷின் காற்றடிக்கும்போது மட்டும்தான் மின்சாரம் இழுக்கும். மற்ற நேரம் தூங்கும். தூங்கும்போது லோடே இல்லை, அதனால் 6-க்குத் திருகிய எலிமினேட்டர் 9-க்கு மேல் கொடுத்துக்கொண்டு இரவு முழுவதும் அதன் மேல் உட்கார்ந்திருந்தது. பெரியவர் என்னைக் குறை சொல்லவில்லை. புது மெஷினை நான் வாங்கிக் கொடுத்தேன். அன்றிலிருந்து ஒரு கருவி சும்மா இருக்கும்போது அதற்கு என்ன வோல்ட் கிடைக்கும் என்று பார்க்காமல் எந்த எலிமினேட்டரையும் யாருக்கும் கொடுத்ததில்லை.

"அப்படியானால் எலிமினேட்டரின் வாலில் நாமே ஒரு 7809 ரெகுலேட்டரை வைத்து 9-ஐ நிலையாக்கிவிடலாமே" என்று சிலர் கேட்பார்கள். நல்ல யோசனை, ஆனால் 9 வோல்ட் எலிமினேட்டரில் அது சரியாக வராது. அந்த ஐசிக்கு வெளியே கொடுப்பதைவிட சுமார் 2 வோல்ட் அதிகமாக உள்ளே வந்துகொண்டே இருக்க வேண்டும். லோடு ஏறும்போது உங்கள் அடாப்டர் 9-க்கு இறங்கிவிடும், இடையிடையே அதற்கும் கீழே போகும், அங்கே 7809 கையை விரித்துவிடும். 12 வோல்ட் எலிமினேட்டரை எடுத்து, ஐசிக்குச் சூட்டை வெளியேற்றும் தகடு (ஹீட்சிங்க்) ஒன்று போட்டு, முன்னும் பின்னும் சின்னக் கண்டன்சர்கள் வைத்தால் அருமையாக வேலை செய்யும். மீடியம் வேவ் ரேடியோ கேட்பவர்களுக்கு இன்றும் நான் இதைத்தான் செய்துகொடுக்கிறேன். இப்போதைய லேசான அடாப்டர்கள் ரேடியோவில் கரகரவென்று இரைச்சல் கிளப்பும், இது கிளப்பாது.

அந்த லேசான அடாப்டர்கள்தான் உங்கள் செட்டாப் பாக்ஸினுடையதும், ரவுட்டரோடு வந்து செத்துப்போனதும். எஸ்எம்பிஎஸ், அதாவது ஸ்விட்ச் மோட் பவர் சப்ளை என்று சொல்வது. இதன் வேலைமுறையே வேறு. வந்த 230 வோல்ட்டை முதலிலேயே டயோடில் போட்டு ஏறக்குறைய 325 வோல்ட் டிசியாக்கி ஒரு 400 வோல்ட் கண்டன்சரில் தேக்கிவைக்கும். பிறகு ஒரு டிரான்சிஸ்டர் அதை நொடிக்குப் பல்லாயிரம் தடவை, பல அடாப்டர்களில் 65 ஆயிரம் தடவை, வெட்டி வெட்டி ஒரு சின்ன ஃபெரைட் டிரான்ஸ்ஃபார்மருக்குக் கொடுக்கும். வேகம் கூடக்கூட டிரான்ஸ்ஃபார்மர் சிறுத்துவிடும், கனம் குறைந்ததன் ரகசியம் அதுதான். முக்கியமான விஷயம், வெளியே வரும் 12 வோல்ட்டை டிஎல் 431 என்ற ஒரு குட்டி ஐசி ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் ஆப்டோகப்ளர் வழியாக, அதாவது ஒயர் தொடர்பே இல்லாமல் வெளிச்சம் மூலம், மறுபக்கத்துக்குச் செய்தி சொல்லும். மறுபக்கம் உடனே வெட்டும் அளவைக் கூட்டும், குறைக்கும். அதனால்தான் லோடு இல்லாமலே 12.1 காட்டியது, 1 ஆம்பியர் இழுத்தாலும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் நிற்கும். 100 முதல் 240 வோல்ட் வரை என்று போட்டிருப்பதும் இதே காரணத்தால்தான். லைன் 160-க்கு இறங்கினாலும் இதற்குக் கவலையில்லை, தனியாக ஸ்டெபிலைசர் வாங்கத் தேவையே இல்லை.

சரி, ரவுட்டர் பக்கம் வருவோம். ரவுட்டருக்குள் 12 வோல்ட்டில் நேராக ஓடுவது எதுவும் பெரும்பாலும் இருக்காது. உள்ளே நுழைந்ததும் சின்ன இறக்கு ரெகுலேட்டர்கள் அதை 3.3 வோல்ட்டாகவும் அதற்கும் கீழாகவும் இறக்கிவிடும். இவையும் வெட்டி வெட்டி வேலை செய்பவை, கீபோர்டில் இருப்பதுபோல மிச்சத்தைச் சூடாக்கிக் கழிப்பவை அல்ல. இதனால் ஒரு விசித்திரம் நடக்கும்: வோல்ட்டைக் குறைத்தால் ரவுட்டர் குறைவாக இழுக்காது, அதிகமாக இழுக்கும். அதற்கு 6 வாட் வேண்டும் என்றால் 12 வோல்ட்டில் அரை ஆம்பியர், 9 வோல்ட்டில் 0.67 ஆம்பியர். அடாப்டர் தள்ளாடத் தள்ளாட ரவுட்டர் இன்னும் பிடித்து இழுக்கும். உங்கள் 9 வோல்ட் எலிமினேட்டரைப் போட்டால் ரவுட்டர் எரியும் என்பதைவிட, விளக்கெல்லாம் எரிந்து, வைஃபை முழுமூச்சில் வேலை செய்ய ஆரம்பித்ததும் விழுந்து, மறுபடி எழுந்து, மறுபடி விழும் என்று எதிர்பார்க்கலாம். சில ரவுட்டர்கள் 9 வோல்ட்டிலும் நிம்மதியாக ஓடுகின்றன. லித்தியம் செல் மூன்றை வரிசையாக வைத்த மினி யுபிஎஸ் சில, செல் தீரத் தீர 12.6-இலிருந்து இறங்கிக்கொண்டே வந்தும் ரவுட்டர் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் உங்கள் ரவுட்டர் அந்த வகையா என்பதை அதைத் திறந்து ஐசியின் எண்ணைப் படிக்காமல் யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. நானும் சொல்லமாட்டேன்.

மேல்பக்கத்துக்கும் இதே பேச்சுதான். ரவுட்டரின் நுழைவாயிலில் இருக்கும் கண்டன்சர்கள் பலவற்றில் 16 வோல்ட் தாங்கும் என்று எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். 25 வோல்ட் போட்ட நல்லவர்களும் உண்டு. 14 வோல்ட்டை அவை தாங்கக்கூடும், ஆனால் லைன் கொஞ்சம் ஏறினால் விளிம்புக்கு வந்துவிடும். லேப்டாப்பின் 19 வோல்ட்டைத் தாங்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கண்டன்சர் உப்பும், இல்லையென்றால் இறக்கு ரெகுலேட்டர் ஷார்ட்டாகி முழு 19 வோல்ட்டும் 3.3 வோல்ட் ஐசிகளின் மேல் பாயும். அப்புறம் ரிப்பேர் என்ற பேச்சுக்கே இடமில்லை.

கீபோர்டு அடாப்டரை வேண்டாம் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு வோல்ட் மட்டும் காரணம் இல்லை. நீங்கள் மீட்டரின் சிவப்பு முனையைப் பின்னின் நடுத்துளையிலும் கறுப்பை வெளிச்சுற்றிலும் வைத்தபோது 14-க்கு முன்னால் ஒரு மைனஸ் குறி இருந்ததா? மறுபடி பார்த்துச் சொல்லுங்கள். ரவுட்டர், செட்டாப் பாக்ஸ், சிசிடிவி கேமரா இவற்றில் நடு பிளஸ், வெளி மைனஸ் என்பதே வழக்கம். ஆனால் பழைய கேசியோ கீபோர்டுகள் பலவற்றிலும் கிட்டார் பெடல்களிலும் நடு மைனஸ். பின் அளவு ஒன்றேபோல இருக்கும், கச்சிதமாக உள்ளே போகும், பிளஸ் மைனஸ் மட்டும் தலைகீழ். ரவுட்டரில் தலைகீழ் இணைப்பைத் தடுக்கும் டயோடு இருந்தால் ஒன்றும் ஆகாது, இல்லையென்றால் ஒரு நொடியில் முடிந்துவிடும். அடாப்டரின் மேலேயும் கருவியின் துளைப் பக்கத்திலும் ஒரு சின்னப் படம் இருக்கும்: நடுவில் புள்ளி, அதைச் சுற்றி ஒரு பிறை, இரண்டிலிருந்தும் கோடு போய் பிளஸ் மைனஸில் முடியும். இரண்டு படமும் ஒத்துப்போக வேண்டும். வோல்ட்டைப் பார்ப்பதற்கு முன்னாலேயே இதைப் பாருங்கள் என்று என் கடைப் பையன்களுக்குச் சொல்வேன்.

பின் அளவிலும் ஒரு கண்ணி உண்டு. வெளிவிட்டம் 5.5 மில்லிமீட்டர் கொண்டவற்றிலேயே உள்துளை 2.1, 2.5 என்று இரண்டு வகை. 2.5 துளைப் பின்னை 2.1 ஊசி உள்ள ரவுட்டரில் செருகினால் உள்ளே போய்விடும், ஆனால் லூஸ் காண்டாக்ட் ஆகி, ஒயரை அசைத்தால் அணையும். ரவுட்டர் கெட்டுவிட்டது என்று வருபவர்களில் சிலருக்கு இது மட்டும்தான் வியாதி. அதேபோல டிசிதானா என்பதையும் படித்துப் பாருங்கள். நேர்கோட்டின் கீழே விட்டுவிட்டுப் புள்ளிக் கோடு போட்டிருந்தால் டிசி, அலை போல வளைந்திருந்தால் ஏசி. பழைய மோடம் சிலவற்றுக்கு 9 வோல்ட் ஏசி அடாப்டர் வந்தது, அதை டிசி கருவிக்குப் போடக்கூடாது.

செட்டாப் பாக்ஸ் அடாப்டருக்கு வருகிறேன். மீட்டரில் 12.1 காட்டியதை வைத்து மட்டும் அது நல்லது என்று முடிவு செய்ய முடியாது. எத்தனை வருடம் டிவிக்குப் பின்னால் வெந்துகொண்டிருந்தது? உள்ளே இருக்கும் கண்டன்சரில் ஈரமான ரசாயனம் இருக்கிறது, வெப்பத்தில் அது உலரும். 10 டிகிரி வெப்பம் ஏறினால் ஆயுள் பாதியாகும் என்பது எங்கள் தொழிலில் பரவலாகப் பயன்படும் கணக்கு. உலர்ந்த கண்டன்சர் உள்ள அடாப்டர் சும்மா இருக்கும்போது 12 காட்டும், அரை ஆம்பியர் இழுத்ததும் 8-க்கு விழும். ஆகவே லோடு வைத்துத்தான் பார்க்க வேண்டும். 12 ஓம், 20 வாட் சிமெண்ட் ரெசிஸ்டர் ஒன்று எலக்ட்ரானிக்ஸ் கடையில் கேளுங்கள், விலை அதிகமில்லை. அதை அடாப்டரின் குறுக்கே வைத்தால் சரியாக 1 ஆம்பியர் ஓடும். ரெசிஸ்டர் நன்றாகச் சுடும், தட்டிலோ ஓட்டிலோ வைத்துச் செய்யுங்கள், கையில் பிடிக்காதீர்கள். இரண்டு நிமிடம் பார்த்து, 11.5-க்கு மேல் அசையாமல் நின்றால் ரவுட்டருக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். பைக்கின் இண்டிகேட்டர் பல்பு வைத்தும் செய்யலாம் என்பார்கள், நானும் அவசரத்துக்குச் செய்வதுண்டு. ஆனால் பல்பின் இழை குளிர்ந்திருக்கும்போது ஒரு கணம் பல மடங்கு மின்சாரம் இழுக்கும், நல்ல அடாப்டரே தன்னைக் காத்துக்கொள்ள அணைந்து அணைந்து எரியும், அதைப் பார்த்து அடாப்டர் கெட்டது என்று தூக்கிப் போட்டுவிடுவீர்கள். ரெசிஸ்டர்தான் நேர்மையான சோதனை.

செத்துப்போன அடாப்டரைத் திறந்து பார்க்க ஆசையாக இருக்கும். தயவுசெய்து வேண்டாம், பிளக்கிலிருந்து எடுத்த பிறகும் கூட. அந்த 400 வோல்ட் கண்டன்சர், குறிப்பாக வெட்டும் ஐசி செத்துப்போன அடாப்டரில், வடியாமல் சில நேரம் அப்படியே தேங்கி நிற்கும். கை பட்டால் தூக்கி அடிக்கும். மின்னலில்தான் போனதா என்று கேட்டால், மழை நேரத்தில் இன்னொரு காரணமும் சமமாக வாய்ப்புள்ளது: போஸ்ட்டில் நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் பொது ஒயர், கழன்றுபோவது. நியூட்ரல் விட்டுப்போனால் ஒற்றை ஃபேஸ் வீட்டுக்கு 230-க்குப் பதிலாக 400 வோல்ட் வரை ஏறிவரலாம். அது அடாப்டருக்குள் டிசியாகும்போது 500-ஐயும் தாண்டும், 400 வோல்ட் கண்டன்சர் வெடித்துத்தான் ஆகும். அன்றைக்கு வீட்டில் எல்இடி பல்புகள், மொபைல் சார்ஜர் என்று வேறு சிலவும் சேர்ந்து போயிருந்தால், அல்லது தெருவில் சில வீட்டு விளக்குகள் அதிகப் பிரகாசமாகவும் சில வீட்டு விளக்குகள் மங்கலாகவும் எரிந்திருந்தால், அடுத்த அடாப்டரைச் செருகுவதற்கு முன் லைன்மேனைக் கூப்பிட்டு நியூட்ரலைப் பார்க்கச் சொல்லுங்கள். மின்னல் என்றால் வேறு ஒரு கவலை: அது கரண்ட் ஒயர் வழியாக மட்டும் வருவதில்லை, டெலிபோன் ஒயர், கேபிள், நீளமான லேன் ஒயர் எல்லாவற்றிலும் வரும். உங்கள் ரவுட்டர் புது அடாப்டரில் உயிர் பெற்று, ஆனால் ஒரு லேன் துளை மட்டும் வேலை செய்யவில்லை என்றால் ஆச்சரியப்படாதீர்கள். ஃபைபர் கண்ணாடி இழை என்பதால் அதன் வழியாக இந்த ஆபத்து வராது.

உங்களுக்கு ஒருவர் மொபைல் சார்ஜரில் யுஎஸ்பி ஒயர் போட்டு 12 வோல்ட்டாக்கி ஓட்டலாம் என்று பதில் சொல்லியிருந்ததைப் பார்த்தேன். முடியும், ஆனால் கணக்குப் போட்டுச் செய்ய வேண்டும். ரவுட்டர் 12 வோல்ட்டில் 0.6 ஆம்பியர் இழுத்தால் 7.2 வாட். மாற்றும்போது கொஞ்சம் வீணாவதையும் சேர்த்தால் 5 வோல்ட் பக்கம் 1.7 ஆம்பியர் வேண்டும். 2 ஆம்பியருக்குக் குறையாத சார்ஜரும் தடித்த ஒயரும் இருந்தால் சரி. மெல்லிய ஒயரில் வோல்ட் வழியிலேயே இறங்கிவிடும். டைப்-சி சார்ஜரிடம் நேராக 12 கேட்கும் ஒயர்களும் விற்கிறார்கள். யுஎஸ்பி பவர் டெலிவரி விதிப்படி முறையான படிகள் 5, 9, 15, 20 வோல்ட், 12 என்பது சார்ஜர் தயாரிப்பவரின் விருப்பம். 12 இல்லாத சார்ஜரில் செருகினால் பெரும்பாலும் 9-ஓ அதற்கும் கீழோதான் கிடைக்கும், நாம் மேலே பேசிய அதே தள்ளாட்டம் ஆரம்பிக்கும். நிரந்தரமாக ஓடவேண்டிய ரவுட்டருக்கு இதை நான் போடமாட்டேன்.

புதிதாக வாங்குவதாக இருந்தால், 12 வோல்ட், 1 ஆம்பியரோ ஒன்றரையோ, இந்தியத் தரநிலை அமைப்பான பிஐஎஸ்ஸின் முத்திரையும் அதன் கீழே ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் உள்ளதாக வாங்குங்கள். அந்த எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் தட்டிப் பார்த்தால் உண்மையானதா என்று தெரிந்துவிடும். ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் வரைந்திருந்தால் இரட்டைக் காப்பு என்று பொருள், எர்த் பின் இல்லாமலே பாதுகாப்பானது. கையில் வைத்துப் பார்த்து இறகு போல லேசாக இருந்தால் யோசியுங்கள். மலிவு அடாப்டர்களில் முதலில் வெட்டப்படுவது 230 வோல்ட் பக்கத்துக்கும் 12 வோல்ட் பக்கத்துக்கும் நடுவில் இருக்க வேண்டிய இடைவெளியும் உள்ளே இருக்க வேண்டிய வடிகட்டிகளும்தான். வோல்ட் சரியாகத்தான் காட்டும், அந்த இடைவெளி மீட்டரில் தெரியாது. வீட்டில் குழந்தை தொடும் இடத்தில் வைக்கும் பொருள், இருநூறு ரூபாய் மிச்சத்துக்காக இதில் சமரசம் செய்துகொள்ளாதீர்கள்.

இப்போதைக்கு நீங்கள் செய்யவேண்டியது: செட்டாப் பாக்ஸ் அடாப்டரின் பின்னில் நடு பிளஸ்தானா என்று மீட்டரில் பார்த்து, ரவுட்டரின் படத்தோடு ஒப்பிட்டு, ரெசிஸ்டர் கிடைத்தால் லோடு வைத்துப் பார்த்துவிட்டுச் செருகுங்கள். அரைமணி நேரம் கழித்து அடாப்டரின் மேல் கை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரி. கை வைக்க முடியாமல் சுட்டாலோ, பிளாஸ்டிக் வாடை வந்தாலோ, உய்ய்ங் என்று சத்தம் கேட்டாலோ உடனே எடுத்துவிடுங்கள். கீபோர்டு எலிமினேட்டரின் ஒயரில் ஒரு துணிப் பட்டையைக் கட்டி, கீபோர்டுக்கு மட்டும் என்று எழுதி மகளிடமே கொடுத்துவிடுங்கள். அந்த மைனஸ் குறி இருந்ததா என்பதை மட்டும் மறக்காமல் எனக்குச் சொல்லுங்கள்.